சந்தனத்தில் ஓர் எழுத்து கூடுதல்

12 ஆகஸ்ட் 1996, திங்கள்

முதலாளி ரத்தினசாமி இன்று பேக்கிங் கூடத்துக்கே வந்துவிட்டார். ஹாலந்திலிருந்து ஊதுபத்தி ஆர்டர் வந்திருக்கிறதாம். வெளிநாட்டுப் பெட்டிகளைச் சரிபார்க்க ஒரு செக்கர் வேண்டும், உங்களில் ஒருத்தியையே போடலாம் என்று இருக்கிறேன் என்றார். முப்பது பெண்களும் நிமிர்ந்தோம். “இங்கிலீஷ் வாசிக்கத் தெரியணும்” என்றார். இருபத்தொன்பது பேர் குனிந்து பத்தி எண்ணப் போய்விட்டார்கள்.

நான் குனியவில்லை. மேட்டூரில் பத்தாவது படித்தபோது இங்கிலீஷில் முப்பத்தாறு மார்க் வாங்கியவள். தேற முப்பத்தைந்து போதும். அந்த ஒரு மார்க் கொடுத்த தைரியம்.

ஒன்பது வருஷம் தரையில் சம்மணம் போட்டு முழங்கால் தேய்ந்துவிட்டது. செக்கருக்கு மேசை நாற்காலி உண்டு. அக்டோபரில் சூப்பர்வைசர் ஹேமந்த் சார் பரீட்சை வைப்பார்.

18 ஆகஸ்ட், ஞாயிறு

இங்கே மைசூர் தேவராஜ மொஹல்லாவில் பழைய இங்கிலீஷ்–தமிழ் அகராதி ஒன்று வாங்கினேன். கடைசிப் பக்கங்கள் இல்லை. பரவாயில்லை, அதுவரை போக ஆயுசு வேண்டும்.

வீட்டுக்காரர் அதைத் தூக்கிப் பார்த்தார். பெயிண்ட் வேலை செய்கிற கை, அட்டையில் நீலம் ஒட்டிக்கொண்டது. “ஏம் புள்ள, இத்தனை வார்த்தையவும் அந்த ஊர்க்காரனே பேச மாட்டான். உனக்கெதுக்கு?”

25 ஆகஸ்ட், ஞாயிறு

காதுக்குப் பழகட்டும் என்று காலைக் காட்சி இங்கிலீஷ் படத்துக்குப் போனோம். வீட்டுக்காரருக்கு ஏகப்பட்ட சந்தோஷம். சண்டைப் படம். “சண்டைக்கு எதுக்கு பாஷ? எல்லாம் புரியுது” என்றார். எனக்குப் பிடிபட்டவை: கமான், ஷட் அப், கெட் அவுட், டோன்ட் மூவ். பகைவனிடம் பேச வேண்டியது எல்லாம் வந்துவிட்டது. மற்றவர்களிடம் பேசத்தான் அந்தப் படத்தில் யாருக்கும் நேரமில்லை.

2 செப்டம்பர்

பத்திக் கட்டு சரிந்தது. “டோன்ட் மூவ்!” என்று கத்தினேன். பக்கத்தில் இருந்த சென்னம்மா எழுந்து ஓடிவிட்டாள்.

9 செப்டம்பர், திங்கள்

நல்ல வழி ஒன்று கிடைத்தது. ஹேமந்த் சார் தினமும் சாப்பாட்டு நேரத்தில் முதலாளியின் இங்கிலீஷ் பேப்பரில் குறுக்கெழுத்துப் புதிர் போடுவார். அழிக்க முடியாத பேனாவில், பத்தே நிமிஷத்தில். முதலாளி எட்டிப் பார்த்து, “பி.காம்.னா பி.காம்.தான்” என்று சொல்லிவிட்டுப் போவார். மறுநாள் அந்தப் பேப்பர் பெட்டிக்குள் மெத்தை வைக்க எங்களிடம் வரும். புதிர் இருக்கும் பக்கத்தை மட்டும் நான் மடித்து எடுத்துக்கொள்கிறேன். நிரம்பிய கட்டங்களிலிருந்து நாளைக்கு ஐந்து வார்த்தை. நோட்டில் எழுதி, பஸ்ஸில் மனப்பாடம்.

அகராதியில் பாதி வார்த்தை இல்லை. பழைய அகராதி. உலகம் எங்கேயோ போய்விட்டது.

3 அக்டோபர், வியாழன்

ஹாலந்துப் பெட்டிக்கு லேபிள் வந்தது. தங்க எழுத்து, வளைத்து வளைத்து. எழுத்தெழுத்தாகப் பார்த்துப் பழகிய கண் சும்மா இருக்குமா? ‘பியூர் மைசூர் சேண்டல்’ என்று இருக்க வேண்டும். எஸ்ஸுக்கும் ஏவுக்கும் நடுவே ஒரு சி உட்கார்ந்திருக்கிறது.

வீட்டுக்கு வந்து அகராதியைப் புரட்டினேன். அப்படி ஒரு வார்த்தை உண்மையிலேயே இருக்கிறது. ஸ்காண்டல்: அவதூறு, மானக்கேடு.

தூய மைசூர் மானக்கேடு. எட்டாயிரம் பெட்டி!

4 அக்டோபர், வெள்ளி

காலையில் ஹேமந்த் சாரிடம் தனியாகப் போய்க் காட்டினேன். லேபிளை ஓகே செய்தது அவர்தான். ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு சிரித்தார். “மாரக்கா, அது பிரிட்டிஷ் ஸ்பெல்லிங். கொத்தாய்த்தா, புரிஞ்சுதா? போய் வேலையப் பாருங்க.”

மத்தியானம் பரீட்சை வைத்தார். ஒரே ஒரு கேள்வி, முதலாளி முன்னால். சேண்டல் எழுத்துக் கூட்டுங்கள். சி இல்லாமல் சொன்னேன். “பாருங்க சார், லேபிள்ல இருக்கறதையே படிக்க வரலை” என்றார். முதலாளி உச்சுக் கொட்டினார்.

எனக்குப் படிக்க வரலையாம்! நான் சரியாத்தானே சொன்னேன்? இல்ல, தப்பா? பி.காம். படிச்சவன் சொல்றான். முப்பத்தாறு மார்க்கு நான். யாருகிட்டப் போய்க் கேக்கறது இதை?

முழங்கால் இன்று என்னவோ ரொம்ப வலிக்கிறது.

12 அக்டோபர்

பெட்டிகள் போய்விட்டன. என் கையால்தான் நூறு பெட்டி ஒட்டினேன். பிரிட்டிஷ்காரர்களை நினைத்துக்கொண்டு.

24 அக்டோபர், வியாழன்

புதிருக்கு விடை மறுநாள் பேப்பரில் வரும் என்பது இத்தனை நாள் எனக்குத் தெரியாது. தசரா லீவில் சேர்ந்துபோன பேப்பர்களை அடுக்கும்போது இன்று கண்ணில் பட்டது. ஹேமந்த் சார் போட்ட கட்டத்தையும் விடையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். இருபத்தெட்டில் மூன்று சரி. மிச்சம்? சும்மா எழுத்து. கட்டம் காலியாக இருக்கக் கூடாது என்று நிரப்பிய எழுத்து.

நூற்றுச் சொச்சம் வார்த்தை மனப்பாடம் செய்திருக்கிறேன். எந்த நாட்டிலும் யாரும் பேசாத பாஷையில் நான் கொஞ்சம் தேறிவிட்டேன் என்று நினைக்கிறேன்.

சிரிப்பு வந்தது. அப்புறம் லேபிள் ஞாபகம் வந்தது. சிரிப்பு நின்றுவிட்டது.

25 அக்டோபர், வெள்ளி

கோடவுனில் வைத்து ஹேமந்த் சாரிடம் இரண்டு பேப்பரையும் நீட்டினேன். எப்படித் திட்டுவது என்று பஸ்ஸிலேயே யோசித்து வைத்திருந்தேன். படத்தில் கற்ற நாலு வார்த்தையும் தயார்.

அவர் முகம் வெளிறிப்போய்விட்டது. “அக்கா, நான் கன்னட மீடியம். டிகிரி பூரா கைடு படிச்சே பாஸ் பண்ணேன். சேர்ந்த புதுசுல ஒரு நாள் சும்மா கட்டத்துல எழுதிட்டிருந்தேன், முதலாளி பார்த்து எல்லார் முன்னாடியும் புகழ்ந்துட்டாரு. அப்புறம் எப்படி நிறுத்தறது?”

“லேபிளு?”

“நீங்க சொன்னப்பவே தப்புன்னு தெரிஞ்சுது. அச்சடிச்சு முடிஞ்சிருந்துது. சொன்னா வேலை போயிடும். அம்மா மருந்து எல்லாம் என் சம்பளத்துலதான் அக்கா.”

இந்த மைசூரில் எல்லோருக்கும் நான் அக்கா. மாரக்காள் என்ற பெயரை மாரக்கா ஆக்கி, அறுபது வயது முதலாளிகூட அப்படித்தான் கூப்பிடுகிறார். ஆனால் இந்தப் பையன் இன்று கூப்பிட்டது வேறு மாதிரி இருந்தது. தயாராக வைத்திருந்த நாலு வார்த்தையும் வரவில்லை. “போ, மூஞ்சியக் கழுவு” என்றேன்.

முதலாளியிடம் சொல்லவில்லை. சொன்னாலும் கப்பல் திரும்புமா? — இது நியாயமா, இல்லை பயமா? தெரியவில்லை.

9 ஜனவரி 1997, வியாழன்

ஹாலந்திலிருந்து ஃபேக்ஸ். முதலாளி ஊரில் இல்லை. ஹேமந்த் அதை நாலாக மடித்து, திருடின பொருள் மாதிரி கோடவுனுக்குக் கொண்டுவந்தான். “அக்கா, அகராதி இருக்கா?”

சாக்குமேல் உட்கார்ந்து வார்த்தை வார்த்தையாகப் பார்த்தோம். இரண்டாம் வரியிலேயே ‘மிஸ்டேக்’. அதற்கு அகராதி வேண்டியிருக்கவில்லை. அடுத்து ‘ஷாக்ட்’.  “முடிஞ்சுது அக்கா, விடுங்க” என்று அவன் எழுந்தான். நான் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தேன். முழுசாகப் படிக்காமல் எதுவும் முடியாது.

முதலில் அதிர்ந்தார்களாம். பிறகு கடையில் எல்லோரும் சிரித்தார்களாம். சிரித்தவர்கள் எல்லாம் ஆளுக்கு இரண்டு வாங்கினார்களாம். கிறிஸ்துமஸ் பண்டிகைக்குள் தீர்ந்துவிட்டதாம். இருபத்தையாயிரம் பெட்டி வேண்டும். கடைசி வரியை மூன்று முறை அகராதி வைத்துப் பார்த்தோம், நம்பிக்கை இல்லாமல். தயவுசெய்து பெயரைத் திருத்தாதீர்கள்.

ஃபேக்ஸைத் திரும்ப நாலாக மடித்தோம். பிறகு அவன், “நீங்கதான் முதல்ல கண்டுபிடிச்சீங்கன்னு முதலாளிகிட்ட சொல்றேன்” என்றான். கண்ணில் தண்ணீர். நிஜமான தண்ணீர்.

13 ஜனவரி, திங்கள்

சொல்லவில்லை. வேண்டுமென்றே வைத்த பெயர், தன் யோசனை என்று சொல்லியிருக்கிறான். முதலாளி கட்டிப்பிடித்துக்கொண்டாராம். பெங்களூர் ஆபீசுக்கு மேனேஜராகப் போகிறான்.

கோபமா? ஆமா. ஆனால் அவன் அம்மா மருந்தும் ஞாபகம் வருகிறது. அதுதான் இன்னும் கோபம்.

27 ஜனவரி

ஹேமந்த் கிளம்பினான். எல்லோருக்கும் லட்டு கொடுத்தான். என்னிடம் வந்தபோது நிமிர்ந்து பார்க்கவில்லை. லட்டு இரண்டு வைத்தான்.

12 பிப்ரவரி, புதன்

புது ஆர்டருக்குப் புது அச்சகம். படித்தவர்கள் நடத்துவது. லேபிள் கட்டைப் பிரித்தேன். அழகான அச்சு. சி இல்லை. அவர்களாகவே திருத்திவிட்டார்கள்!

எல்லோரும் பசை தடவ ஆரம்பித்துவிட்டார்கள். எழுந்து, “நிறுத்துங்க” என்றேன். தமிழில்தான். நேரே முதலாளி அறைக்குப் போனேன். லேபிளைப் பார்த்தார். “சரியாத்தானே இருக்கு?”

“சரியா இருக்கறதுதானுங்க தப்பு. அவங்க கேட்டது சி போட்டது. இப்படியே போனா அத்தனையும் திரும்பி வந்துரும்.”

அவர் மேசையில் இருந்த ஃபேக்ஸை எடுத்துக் கடைசி வரியைப் படித்துக் காட்டினேன். இங்கிலீஷில். நாக்கு இரண்டு இடத்தில் இடறியது. அவர் என்னையே பார்த்தார். “அன்னிக்குப் பரீட்சையில நீ சி இல்லாமச் சொன்னியே...”

“அப்பவும் சரியாத்தானுங்க சொன்னேன்.”

அவர் ரொம்ப நேரம் லேபிளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஹேமந்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. வெளியே வரும்போது கூப்பிட்டு, திங்கட்கிழமையிலிருந்து செக்கர் வேலைக்கு வா என்றார்.

வீட்டில் சொன்னேன். வீட்டுக்காரர் சோற்றில் கை வைத்தபடி யோசித்தார். “அப்ப, தப்பு விடறதுக்குச் சம்பளமா புள்ள?” “இல்லீங்க, வேற யாரும் தப்பைத் திருத்திடாமப் பாத்துக்கறதுக்கு.” “அது செரி” என்று இன்னொரு கரண்டி குழம்பு கேட்டார்.

3 மார்ச், திங்கள்

அச்சகத்துக்காரர் புது ப்ரூஃப் கொண்டுவந்தார். மேசைமேல் பரப்பி, விரல் வைத்து ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்தேன். தப்பு சரியாக இருந்தது. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.