எனக்குச் சொல்லாத முழங்கால்

எங்கிருந்தாலும் என் குரலுக்குத் திரும்பிப் பார்க்கிற சேது அப்பாவுக்கு,

நம் பெரியவளின் மகள் மதுரையில் டாக்டர் படிப்பை முடித்துவிட்டாள். அவள் தம்பிக்கு இராமநாதபுரத்தில் கவர்மெண்ட் வேலை கிடைத்திருக்கிறது. சேதுவின் மகன் கவின் ஆஸ்திரேலியாவில் அந்த முட்டை வடிவப் பந்தாட்டத்தில் பெரிய கிளப்பில் சேர்ந்ததை நீங்களே கண்ணை மூடுவதற்கு முன்னால் பார்த்துவிட்டுப் போனீர்கள். நாடு முழுக்கப் பையன்களை அலசிப் பார்த்து, எடுத்தவர்களைப் பேர் சொல்லிக் கூப்பிடுவார்களாம். அதில் நம் பிள்ளையின் பேரும் வந்தது. ஒருவன் தோளில் ஏறி ஒருவன் பந்தைப் பிடிக்கிற ஆட்டம் என்று பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரிக்குக்கூட நான் சொல்லியிருக்கிறேன்.

முன்பெல்லாம் சேது போன் செய்தால், கையில்லாத அந்தக் கிளப் பனியனோடு கவினின் புதுப் படம் ஒன்றைத் தபாலில் அனுப்பச் சொல்வேன். இப்போது கேட்பதில்லை. காரணம் உங்களுக்குத் தெரியும். ஊருக்கும் தெரியட்டும் என்றுதான் இதைப் பத்திரிகைக்கு எழுதுகிறேன். ஊரைச் சாப்பிடக் கூப்பிட்டவள் நான்தானே?

அவன் முதல் வருஷ ஆட்டம் நல்லபடியாக முடிந்தது என்று நீங்கள் சொன்னதை நம்பித்தான் நயினார்கோவிலில் அன்னதானம் போட்டேன். வாராவாரம் சேதுவிடம் பேசிவிட்டு வந்து, இன்றைக்கு எத்தனை கோல் அடித்தான் என்று நான் கேட்டால் யோசிக்காமல் ஒரு கணக்குச் சொன்னீர்கள். பந்தியில் இலை இலையாக நீங்களே பாயசம் ஊற்றினீர்கள். பேரன் எப்படி ஆடுகிறான் என்று கேட்டவர்களிடம், "ஒரு கொறையும் இல்ல" என்றீர்கள். எப்படி முடிந்தது உங்களால்?

நீங்கள் போனபோது கவின் வரவில்லை. மேட்ச் இருக்கிறது என்று சேது சொன்னான். தாத்தா சாவைவிட ஆட்டம் பெரிதாகிவிட்டதா என்று அந்தப் பிள்ளை மேல் எனக்கு மனத்தாங்கல். அதை வெளியே சொல்லாமல் ஒரு வருஷம் வைத்திருந்தேன்.

உங்கள் தலைத் திதிக்கு ராமேஸ்வரம் வந்தான். அக்னி தீர்த்தத்தில் முங்கிவிட்டுக் கரையேறியவன் ஈர வேட்டியைத் தூக்கிப் பிழிந்தான். முழங்காலில் நீளமாக ஒரு தழும்பு. பூரான் மாதிரி தையல் தடம்.

என்னடா இது என்று கேட்டேன். அவன் என்னையே பார்த்தான்.

"தாத்தா சொல்லலையா அப்பத்தா? கிளப்புல சேந்து மொத மேட்சுக்கு முன்னாடியே போயிருச்சு. ரெண்டு தடவை ஆபரேசன். தாத்தா செத்தப்ப ஆஸ்பத்திரிலதான் கெடந்தேன்."

பிறகு கடலைப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னான். "தாத்தா வாரம் தவறாம கால் எப்படி இருக்குனு கேப்பாரு. நீங்க ஒரு தடவை கூடக் கேக்கல. பனியன் போட்டு போட்டோ அனுப்புனுதான் சொல்லுவீங்க. சரி, அப்பத்தாவுக்கு அதான் வேணும்போலனு நெனச்சுக்கிட்டேன்."

அந்த மணலிலேயே நான் உட்கார்ந்துவிட்டேன். புரோகிதர் எள்ளை வைத்துக்கொண்டு கூப்பிடுகிறார், எனக்கு எழுந்திருக்க மனமில்லை. உங்களுக்குத் தண்ணீர் இறைக்கிற நேரத்தில் உங்கள் மேல் அப்படி ஒரு கோபம்.

சேதுவைக் கேட்டேன். "அப்பாதாம்மா சொல்ல வேணாம்னாரு. ஒனக்கு பிரஷரு, அழுது ஊரைக் கூட்டிருவனு" என்றான்.

அழுதிருப்பேன்தான். அழுதுவிட்டு வெள்ளித் தகட்டில் ஒரு கால் உருவம் வாங்கி சாமி உண்டியலில் போட்டிருப்பேன். கை கால் சுகமில்லாதவர்களுக்கு நம் வீட்டில் எல்லாத் தாய்மாரும் செய்தது அதுதானே? பிள்ளை கட்டிலில் கிடக்கும்போது, நன்றாக ஆடினான் என்று நான் சாமிக்கு நன்றி சொல்லிக்கொண்டு நின்றேன். என்னை அங்கே நிற்க வைத்துவிட்டு நீங்கள் பக்கத்தில் கை கூப்பினீர்கள். சாமியிடம் நீங்கள் மட்டும் தனியாகக் காலைப் பற்றிக் கேட்டுக்கொண்டீர்களோ?

அஞ்சாம் வகுப்பு படித்தவளுக்கு விளங்காது என்று நினைத்தீர்களா? உங்களுக்கு மஞ்சள் காமாலை வந்தபோது பார்த்துக்கொண்டவள் நான். சேதுவின் தங்கை பிறந்து இறந்தபோது குழிக்குக் கொடுத்தனுப்பியவள் நான். அதையெல்லாம் தாங்கியவளுக்கு ஒரு முழங்கால் தாங்காதா?

இப்போது கவின் கிளப்பின் இரண்டாவது டீமில் ஆடுகிறான். பெரிய டீமில் இன்னும் எடுக்கவில்லை. வருஷக் கடைசியில் வைத்துக்கொள்வார்களா, அனுப்பிவிடுவார்களா தெரியாது. போன சனிக்கிழமை சேதுவை விட்டுவிட்டு நேராக எனக்கே போன் செய்தான்.

"அப்பத்தா, இந்த வாரமும் டீம்ல பேரு வரல."

"வலிக்குதாடா?" என்று கேட்டேன்.

"கால் வலிக்கல அப்பத்தா" என்றான். அதற்குப் பிறகு அவன் அழுதான். நான் அழவில்லை. போனைப் பிடித்துக்கொண்டு, அவன் முடிக்கிறவரைக்கும் இருந்தேன்.

அடுத்த திதிக்கும் உங்களுக்குப் பிடித்ததெல்லாம் சமைத்து இலை போடுவேன், அதில் குறை வைக்க மாட்டேன். ஆனால் நானும் ஒருநாள் அங்கே வருவேன். வந்ததும் சொர்க்கம் எப்படி இருக்கிறது என்று கேட்க மாட்டேன். ஏன் எனக்குச் சொல்லவில்லை என்றுதான் கேட்பேன். அதுவரைக்கும் அந்தப் பிள்ளை தோற்றாலும் ஜெயித்தாலும் முதலில் என் காதில்தான் விழும். சத்தியம்.

இப்படிக்கு,
உங்கள் மேல் வருத்தத்தோடு இருக்கும் உங்கள் வீட்டுக்காரி,
கவினின் அப்பத்தா.