நீங்கள் எறிந்த சைக்கிள்

"வாத்தியாரே, கம்பில கரண்டு ஓடுதா இல்லியான்னு பார்த்தா தெரியுமா?" என்று நீங்கள் ஒருநாள் என்னிடம் கேட்டீர்கள். கூட்டேரிப்பட்டு டீக்கடையில், ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு. வாழ்நாள் முழுக்க அறிவியல் பாடம் நடத்தியவன் அல்லவா, நான் உடனே ஓர் உதாரணத்தை எடுத்தேன். ரோட்டோரம் கட்டியிருக்கும் மாட்டைப் பாருங்கள். முட்டுமா முட்டாதா என்று தூரத்தில் நின்று பார்த்தால் தெரியாது, முட்டிய பிறகுதான் தெரியும். கம்பியும் அப்படித்தான் என்றேன். "தெரியாதுன்னு ஒரு வார்த்தைல முடிக்கிறத வுட்டுட்டு, மாட்டயெல்லாம் இஸ்த்துக்கினு வரீங்களே" என்றீர்கள்.

இன்று காலை அந்தக் கடைக்குப் பக்கத்தில் ஆட்டுத்தலை வாட்டிக்கொண்டிருந்தார்கள். மயிர் பொசுங்கும் வாசனை வந்தது. பாதி டீயை வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்தும் மூக்கைவிட்டுப் போகவில்லை. அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

திண்டிவனத்தில் பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற நீங்கள், மகன் வாங்கிக் கொடுத்த தடித்த டயர் கியர் சைக்கிளையும் பஸ்ஸைப்போலத்தான் ஓட்டினீர்கள். வீடூர் அணைக்குக் கீழே ஆற்றை ஒட்டிப் போகும் ஆட்டுத் தடங்களில் வாரம் ஒரு புது வழி தேடினோம். கருவேல முள், பனை மட்டையின் கருக்கு, ஈச்சம் புதர் எல்லாம் நம்மைக் கிழித்தன. நீங்கள் வேகத்தைக் குறைத்ததே இல்லை. முன்னால் நின்ற முள் கிளையைப் பார்த்து, எதிரே வந்த லாரிக்காரனைத் திட்டுவதுபோலத் திட்டிக்கொண்டே மோதுவீர்கள். ஒருமுறை ஈரமணலில் படுத்திருந்த காட்டுப்பன்றி எழுந்து என் முன்சக்கரத்தை இடித்துத் தள்ளியது. நான் ஆற்றுச் சரிவில் உருண்டேன். நீங்கள் காற்றடிக்கும் பம்பைக் கையில் எடுத்துக்கொண்டு பன்றியைத் துரத்தினீர்கள். திரும்பி வந்தபோது முழங்கையிலிருந்து ரத்தம் சொட்டியது. முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

அந்தப் பன்றிகளுக்காகத்தான் நிலக்கடலை விளையும் மல்லாட்டைக் கொல்லைகளைச் சுற்றிக் கம்பி கட்டினார்கள். தலைக்கு மேல் போகும் கரண்டு லைனில் ஒரு கொக்கியை மாட்டினால் முழங்கால் உயரத்தில் சாவு ஓடும். சட்டப்படி குற்றம் என்று கட்டியவர்களுக்கும் தெரியும். விடியும் முன் கொக்கியை எடுத்துவிடுவது அங்கே எல்லாரும் காத்துவந்த வழக்கம். பொழுது விடிந்தால் கம்பி வெறும் கம்பி. அதை நம்பித்தான் ஆடு ஓட்டுபவர்களும் விறகுக்குப் போகும் பெண்களும் அதைத் தாண்டிப் போனார்கள். நாமும் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு தாண்டியிருக்கிறோம்.

ஒருநாள், முந்தின இரவு பக்கத்து ஊரில் விடிய விடியக் கூத்து. நமக்கு அது தெரியாது. வெயில் ஏறிய நேரத்தில் புதுத் தடம் ஒன்றில் வந்து, குறுக்கே போன கம்பிக்கு முன்னால் நின்றோம். கொல்லைக்காரர் உள்ளே பாத்தி மடைக்குத் தண்ணீர் திருப்பிக்கொண்டிருந்தார். இளவயது. கூத்து பார்த்த கண் சிவந்திருந்தது. விறகுக்கு வந்த இரண்டு பெண்கள் நமக்குப் பின்னால் நின்றார்கள்.

"அதெல்லாம் எடுத்தாச்சு, தாண்டிப் போங்க" என்றார் அவர். யார் எடுத்தது என்று கேட்டீர்கள். மச்சான் எடுத்திருப்பான் என்றார். அந்த 'எடுத்திருப்பான்' உங்களுக்குப் பிடிக்கவில்லை. பெண்கள் போகிற வழியில் இதென்ன வேலை என்று குரலை உயர்த்தினீர்கள். பன்றி தின்ற கொல்லைக்கு நீங்களா பதில் சொல்வீர்கள் என்று அவரும் கத்தினார். நான் நடுவில் ஏதோ சமாதானம் சொல்லப் பார்த்தேன்.

"கரண்டு இல்லன்ற இல்ல? எங்க, தொட்டுக் காட்டு" என்றீர்கள்.

அவர் தயங்கினார். மச்சான் எங்கே என்று தேடுவதுபோல வரப்பைப் பார்த்தார். பின்னால் நின்ற பெண்களில் ஒருத்தி சிரித்துக்கொண்டே, "இன்னாப்பா, ஒன் கம்பி ஒனக்கே பயமா கீதா?" என்றாள்.

அவ்வளவுதான். மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு, சேற்றுக் காலோடு விறுவிறுவென்று வந்து குனிந்தார். அந்த நேரம் காற்று திரும்பி, மயிர் கருகிய வாசனை வந்தது. கம்பிக்கு அடியில் புல்லில் ஒரு கீரி வாயைப் பிளந்தபடி கிடந்தது. முதுகில் இன்னும் புகை. எனக்கு அது என்னவென்று புரிவதற்குள், நீங்கள் சைக்கிளைத் தலைக்கு மேல் தூக்கி அந்த மனிதர் மேல் எறிந்துவிட்டீர்கள்.

ஹாண்டில் அவர் வாயில் இடித்தது. பல் தெறித்து மல்லாந்து விழுந்தார். சைக்கிள் கம்பியின் மேல் சாய்ந்து, பெடல் ஈரவரப்பில் குத்தியதும் வெடித்தது. நீலமாக ஒரு வெளிச்சம். டயர் பற்றி எரிந்தது. பெண்கள் விறகுக் கயிற்றைப் போட்டுவிட்டு ஓடினார்கள்.

பக்கத்துக் கொல்லையிலிருந்து ஓடிவந்த அவருடைய சொந்தக்காரர்களுக்கு, நீங்கள் எறிந்ததும் அவர் வாயிலிருந்து கொட்டிய ரத்தமும் மட்டுமே தெரிந்தன. மண்வெட்டிக் காம்பால் உங்கள் தோளில் அடித்தார்கள். எலும்பு உடைந்த சத்தம் எனக்குக் கேட்டது. கீழே தள்ளி மிதித்தார்கள். என் சட்டையைப் பிடித்து ஒருவன் புதரில் வீசினான். பஸ்ஸை வழிமறித்தவனையெல்லாம் இறங்கி அடித்த மனிதர் நீங்கள். அன்று கையை ஓங்கவே இல்லை. ஓடிப்போய்க் கொக்கியை எடுக்கச் சொல்லி மட்டும் கத்திக்கொண்டிருந்தீர்கள். கடைசியில் விழுந்து கிடந்த மனிதரே தவழ்ந்து வந்து உங்கள் மேல் குறுக்கே படுத்துக்கொண்டார். "அடிக்காதீங்கடா" என்று அவர் சொன்னது ரத்தத்தோடு குழறி வந்தது.

ஆஸ்பத்திரியில் போலீஸ் கேட்டபோது சைக்கிளிலிருந்து விழுந்தேன் என்றீர்கள். அடுத்த கட்டிலில் அவரும், சைக்கிள் வந்து மோதிவிட்டது என்றார். எழுதிக்கொண்டவர் இரண்டு பேரையும் ஒருமுறை மாறி மாறிப் பார்த்துவிட்டுப் போனார்.

அவரைக் காப்பாற்றினீர்கள் என்று வந்தவர்களிடமெல்லாம் நான் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒருநாள் என்னைத் தடுத்தீர்கள். "நிறுத்துங்க வாத்தியாரே. தொட்டுக் காட்டுன்னு சொன்னதே நான்தான். அவன் சொல்றது பொய்யின்னு தெரிஞ்சே சொன்னேன். நாலு பேர் முன்னாடி அவன் தலை குனியணும்னு சொன்னேன். குனிஞ்சான், பார்த்தீங்க இல்ல?" உதாரணம் தேடுவதை விட்டுவிட்டு உங்கள் தோள்கட்டைச் சரிசெய்தேன்.

அவர் கம்பியைச் சுருட்டிப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார். பன்றிகள் இன்னும் வருகின்றன. இந்த வருடமும் பாதிக் கொல்லை போனது. தகர டப்பாவைத் தட்டிக்கொண்டு காவல் இருக்கிறார். நீங்கள் நெஞ்சுவலியில் போன அன்று, பாடையைத் தூக்கிய நால்வரில் முன்பல் இல்லாத ஒருவர் யார் என்று உங்கள் மகன் என்னைக் கேட்டான். சைக்கிள் சிநேகிதம் என்றேன்.

அந்த அடிக்குப் பிறகு நீங்கள் வேறொரு சைக்கிளைத் தோள் கோணலோடு ஓட்டியதும், கம்பியைக் கண்டால் சைக்கிளைப் படுக்கவைத்துவிட்டுக் கொல்லைக்காரரைத் தேடிப் போனதும் எனக்குப் பழகிவிட்டது. அவரைக் கூட்டிக்கொண்டு லைன் வரைக்கும் நடப்பீர்கள். வழியில் மழையைப் பற்றிப் பேசுவீர்கள். இப்போது நான் தனியாக ஓட்டினாலும் அப்படித்தான் செய்கிறேன். வீட்டுப் பேச்சில்கூட, ஒருவரை மடக்கிவிடலாம் என்று நாக்கு துடிக்கும்போது, அந்த மனிதர் குனிந்த முதுகு கண்ணுக்குள் வந்து நிற்கிறது.

இதைப் படிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: வயலோரத்தில் கம்பியைக் கண்டால், கட்டியவரைத் தொட்டுக் காட்டச் சொல்லாதீர்கள்; அவரோடு நடந்துபோய்க் கொக்கியைப் பாருங்கள்.