நனைந்த ரொட்டி

சூயஸ் கால்வாய், கிழக்குக் கரை
ரமலான், 1973

உம்மாவுக்கு ஷஹாத்தாவின் ஸலாம். நான் சுகமாக இருக்கிறேன். உங்கள் முட்டிவலி தேவலையா?

கால்வாயைத் தாண்டிவிட்டோம் என்று ரேடியோ சொல்லியிருக்கும். நீங்கள் நம்பியிருக்க மாட்டீர்கள். போன போரில் அது வெற்றிப் பாட்டாகப் போட்டுக்கொண்டிருந்தபோதுதானே அண்ணன் திரும்பாமல் போனான்? இந்த ஆறு வருஷமும் ஒத்திகைக்காக மணல்மேடு கட்டி, தண்ணீர் பீய்ச்சிக் கரைத்து, மறுபடி கட்டிய நானும் எவனையும் நம்பவில்லை.

தாண்டிய அன்று மத்தியானம் சார்ஜென்ட் மெத்வல்லி ஒரு ரொட்டியை நீட்டினார். "நோன்பை முறிச்சுக்கடா. இன்னிக்கு நெசமாவே போர்."

"போன மாசமும் இதைத்தானே சொன்னீங்க? ஒத்திகைக்கெல்லாம் நோன்பை விடமாட்டேன்."

"உன்னைப் பெத்தவங்களும் இப்படித்தானாடா?"

"என்னைவிட மோசம்."

ரொட்டியைப் பையில் போட்டுக்கொண்டேன். படகில் பாதி தூரம் போனதும் பக்கத்தில் குண்டு விழுந்து எல்லோரும் நனைந்தோம். அப்போதுதான் நம்பினேன். ஆனாலும் எதிரி இந்தக் கரையில் எழுப்பியிருந்த மணல்மேட்டைக் கரைக்கும் வேலையைக் கை தானாகவே செய்தது. பொழுது சாய்ந்ததும் இந்தக் கரையில் உட்கார்ந்து, நனைந்த ரொட்டியைத் தின்று நோன்பு திறந்தேன். ஆக, தாண்டியது உண்மைதான் உம்மா.

கம்பளிக் காலுறை அனுப்புங்கள். தங்கையை நாலு வரி எழுதச் சொல்லுங்கள். ஆடு குட்டி போட்ட கதையானாலும் சரி.

இரண்டு நாளாகப் பீரங்கிச் சத்தம் எங்களுக்குப் பின்னாலிருந்து, நாங்கள் கிளம்பி வந்த கரையிலிருந்து கேட்கிறது. "நம்ம ஆளுங்கதான்" என்கிறார் மெத்வல்லி, என் முகத்தைப் பார்க்காமல்.

தபால் வண்டி கிளம்புகிறது. ரேடியோவில் காலையிலிருந்து மறுபடியும் அதே வெற்றிப் பாட்டு.

ஷஹாத்தா