திறக்காத பன்னிரண்டு கடிதங்கள்

நந்திதுர்க், கோலார் தங்கவயல்
14-10-2001

அன்பு மகள் வாணிக்கு உன் நைனா தாமோதரன் எழுதுவது. இங்கே நானும் உன் அம்மா ஜெயம்மாவும் உடம்பில் தெம்பும் வாயில் ருசியும் குறையாமல் இருக்கிறோம். மஸ்கட்டில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தை ரூபேஷும் எங்களைவிட ஒரு படி மேலாகவே இருக்க வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறோம். இது யார் கையெழுத்து என்று யோசிக்காதே. இதுவரை உனக்கு வந்ததெல்லாம் பக்கத்து வீட்டு சரோஜம்மா எழுதியது. நான் சொன்னதில் பாதியை விட்டுவிட்டு அவளுடைய முட்டி வலியைச் சேர்த்து எழுதியிருப்பாள். இந்தக் கடிதத்தில் அவளுடைய முட்டி கிடையாது. ஒவ்வொரு எழுத்தும் நான் போட்டது. கோடு கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள், விஷயம் நேராக இருக்கும்.

விஷயம் சேகரைப் பற்றியது. அவனை நீ மறந்திருக்க மாட்டாய், நான் ஒரு நாளும் மறந்ததில்லை. எண்பத்தொன்பதாம் வருடம் அவன் நம் லைன் வீடுகளின் நலச் சங்கத்துக்குச் செயலாளராக இருந்தான். பி.யு.சி.யில் முதலாவதாக வந்த பிள்ளையைச் சங்கமே பெங்களூருக்கு அனுப்பிப் படிக்க வைக்கும், அந்த வருடம் முதலாவது நீ. சேகர் இரண்டு காகிதத்தை நீட்டி, ஒண்ணு சங்கத்துக்கு, ஒண்ணு காலேஜுக்கு, ரெண்டுத்துலயும் ரேகை வையி தாமோதரா என்றான். வைத்தேன். காலேஜ் திறந்து ஒரு மாதமாகியும் தகவல் இல்லாததால் நீ போய்க் கேட்டபோது, உங்கப்பனே ரேகை வச்சிகீறான் பாரு என்று இரண்டாவது காகிதத்தைக் காட்டினான். மகளை வெளியூர் அனுப்ப எனக்குச் சம்மதமில்லை என்று அதில் எழுதியிருந்ததை நீ அங்கேயே நின்று படித்தாய். அந்த இடம் அவன் அக்கா மகனுக்குப் போனது. வீட்டுக்கு வந்து நீ அழவில்லை, இன்னா எழுதிகீதுன்னு கேட்டிருக்கலாமே நைனா என்று மட்டும் சொன்னாய். கேட்டேன் மா. கேட்டதற்கு அவன் சொன்ன பதிலைத்தான் நான் நம்பினேன். அன்றிலிருந்து எனக்கு அவன் மேல் இருப்பது கோபம் இல்லை, கோபம் ஆறிவிடும்.

போன வருடம் இங்கே பக்கத்தில் பாலகாட் பள்ளிக்கூடத்தில் பெரியவர்களுக்கு ஜெசிந்தா டீச்சர் சாயங்கால வகுப்பு ஆரம்பித்ததும் முதல் ஆளாகப் போய் உட்கார்ந்தேன். சாகப்போற வயசுல சிலேட்டு எதுக்குய்யா, எமன் இன்னா பரீட்சை வக்கிறானா என்று உன் அம்மா கேட்டாள். முப்பத்தாறு வருடம் பாறையில் டிரில் பிடித்த கை, பென்சிலைப் பிடித்தால் முனை உடைந்துவிடும். அ வருவதற்கே ஒன்பது நாள் ஆனது. இப்போது பஸ் பலகை, மருந்துச் சீட்டு, கல்யாணப் பத்திரிகை எதைப் பார்த்தாலும் நின்று படித்துவிட்டுத்தான் நகர்கிறேன், ராபர்ட்சன்பேட்டை மார்க்கெட்டுக்கு என்னோடு வர உன் அம்மா மறுக்கிறாள். உனக்குக் கவர் எழுத வேண்டும் என்பதற்காக உன் பெயருக்கான நான்கு இங்கிலீஷ் எழுத்துகளையும் டீச்சரிடம் கேட்டுக் கற்றேன். இது எதையும் நான் வெளியே சொல்லவில்லை, முக்கியமாக சேகர் காதுக்குப் போகாமல் பார்த்துக்கொண்டேன்.

நீ கம்ப்யூட்டர் வழியாக பி.காம் சேர்ந்தபோது, ஊர் விலாசம் இருப்பதால் ராபர்ட்சன்பேட்டையில் இருக்கும் படிப்பு மையத்தோடுதான் உன்னை இணைப்பார்கள் என்று யூனிவர்சிட்டி சொன்னது. அந்த மையத்துக்குப் பொறுப்பாளனாக வந்து உட்கார்ந்திருப்பது சேகர் என்று தெரிந்ததும் நான் உனக்குச் சொல்லியிருக்க வேண்டும். எத்தனையோ வருடம் ஆயிற்று, மனுஷன் மாறியிருப்பான் என்று விட்டது என் தப்பு. ஆகஸ்டில் நீ சரோஜம்மா வீட்டுக்குப் போன் செய்து, வீட்டுப்பாடம் ஒன்றுகூட வரவில்லை என்று போட்டு வருடத்தையே தள்ளிவிட்டார்கள், ஆஸ்பத்திரி வேலை முடிந்து வந்து எழுதிப் பன்னிரண்டையும் ஈ-மெயிலில் அனுப்பினேனே நைனா என்று அழுதாய். எண்பத்தொன்பதில் அழாத பெண் இப்போது அழுதால் நான் எப்படிச் சும்மா இருப்பேன். மறுநாளே மையத்துக்குப் போனேன்.

துணிக்கடைக்கு மேல் மாடியில் அந்த மையம். ஒரு ரூமில் கம்ப்யூட்டர், செருப்பை வெளியே விடு என்று பலகை. இன்னொரு ரூமில் பெரிய டி.வி., மாடி மேல் குடை மாதிரி தட்டு. சேகர் என்னைப் பார்த்ததும், இன்னா தாமோதரா இன்னும் உசுரோடதான் கீறியா என்றான். என்னைவிடப் பதினெட்டு வயது சின்னவன். நீ அனுப்பிய பாடத்தைப் பற்றிக் கேட்டேன். உம்பொண்ணு ஒண்ணுமே அனுப்பல, வந்தா வரும், வரலன்னா வரல, கம்ப்யூட்டர் பொய் சொல்லுமா, அதெல்லாம் உனக்கு இன்னா புரியும் என்றான். புரியாதுங்க என்று தலையைச் சொறிந்தேன். அவனை வாங்க போங்க என்றுதான் பேசினேன் மா, பல்லைக் கடித்துக்கொண்டு பேசினேன். அதில் அவனுக்கு மனசு குளிர்ந்துவிட்டது. மாதத்தில் முதல் ஞாயிற்றுக்கிழமை டி.வி.யில் பெங்களூரிலிருந்து பாடம் நடக்கும், ஹாலில் இருபது தலையாவது இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மையத்தை மூடிவிடுவார்களாம். படிக்கிற பிள்ளைகள் நாலு பேர்தான் வருகிறார்கள். மைன் மூடியதிலிருந்து ஆம்பிளைகள் எல்லாரும் சும்மாதானே இருக்கிறார்கள், டீயும் பன்னும் கொடுத்து அவர்களை உட்கார வைத்துத் தலைக்கணக்கு காட்டுகிறான். நீயும் வந்து ஒக்காரு, தூங்கினாலும் பரவால்ல, கொறட்ட மட்டும் விடாத என்றான். வருகிறேன் என்றேன்.

செப்டம்பர் ஞாயிறு முதல் முறை போனேன். என்னோடு ஒரே கேங்கில் வேலை செய்த மரியகுழந்தை மாமாவும் இருந்தார். ரெண்டாயிரம் அடி கீழ ஒக்காந்தப்பகூட இப்படி மூச்சு முட்டல மச்சான், இன்னாடா இது டெபிட்டு கிரெடிட்டு என்று முனகிக்கொண்டே பன்னைத் தின்றார். இடைவேளையில் கம்ப்யூட்டர் ரூமுக்குள் எட்டிப் பார்த்தேன். புதிதாக வேலைக்கு வந்த சுனிதா என்ற பெண் டைப் செய்துகொண்டிருந்தாள், பூதிகோட்டையிலிருந்து பஸ்ஸில் வருகிறாள். வந்த கடுதாசியெல்லாம் எங்கம்மா இருக்கும் என்று சும்மா கேட்டேன். மெயிலைத் தொடாதேன்னு சார் சொல்லியிருக்கார் தாத்தா, காட்டுறேன், நீங்க பாத்துட்டுப் போயிடுங்க என்று திரையைத் திருப்பினாள். கிழவனுக்கு என்ன தெரியப்போகிறது என்றுதானே காட்டினாள். அந்த வரிசையில் உன் பெயர் இருந்தது மா. நான்கு எழுத்தையும் விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தேன், மறுபடி கீழே உன் பெயர், மறுபடி உன் பெயர், எண்ணினால் பன்னிரண்டு. பழைய தேதிப் பெயர்கள் மெல்லிசாகவும் உன் பெயர் தடியாகக் கருப்பாகவும் இருந்தது, ஏன் என்று கேட்டேன். தடியா இருந்தா அத இன்னும் யாரும் தெறக்கலன்னு அர்த்தம் தாத்தா என்றாள். அப்புறம் குரலைத் தாழ்த்தி, முன்னாடி இருந்த ஆப்பரேட்டர் போய் ஒரு வருஷமாச்சாம், சாருக்கு மெயில் தெறக்கவே தெரியாது, எங்கிட்ட கேக்கவும் வெக்கம் என்றாள். திறக்கத் தெரியாதவன் மாதா மாதம் வரவில்லை வரவில்லை என்று எழுதி அனுப்பியிருக்கிறான்.

அன்றே அவன் சட்டையைப் பிடித்திருக்கலாம். பிடிக்கவில்லை. நான்கு பேர் முன்னால் போன மானம் நான்கு பேர் முன்னால்தான் திரும்ப வேண்டும். ஒரு மாதம் காத்திருந்தேன். அந்த ஒரு மாதமும் எனக்குச் சோறு இனித்தது என்று சொன்னால் நம்புவாயா.

போன ஞாயிறு, அக்டோபர் ஏழு. பாடம் முடிந்ததும் கேள்வி நேரம் என்று ஒன்று வரும். மேஜையில் இருக்கும் போனில் பேசினால் டி.வி.யில் இருக்கும் அம்மா பதில் சொல்வார், நாம் பேசுவது பீதரிலிருந்து மங்களூர் வரை எல்லா மையத்திலும் கேட்கும். சேகர் போனை யாருக்கும் தர மாட்டான், தானே பிடித்துக்கொண்டு நிற்பான். நாங்கள் பேசி வைத்தபடி மரியகுழந்தை மாமா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, சக்கர நோயி தம்பி, சக்கர இல்லாத டீ ஒண்ணு ஒடனே வேணும் என்றார். ஹாலில் ஒருத்தன் செத்தால் மையம் மூடிவிடுமே என்று சேகர் கீழே ஓடினான். நான் சொல்லி வைத்திருந்தபடி சுனிதா நம்பர் போட்டு என் கையில் கொடுத்தாள்.

இங்கே நான் ஒரு தப்பு செய்தேன், சிரிக்காதே. சுரங்கத்துக்குள்ளிருந்து போன் எடுத்தால் முதலில் டோக்கன் நம்பரைச் சொல்லித்தான் பழக்கம். நந்திதுர்க், டோக்கன் நாலாயிரத்து இருநூத்திப் பன்னெண்டு, தாமோதரன் பேசறேன் என்று கத்தினேன். டிரில் சத்தத்தில் காது போனவன் அல்லவா, என் குரல் எனக்கே கேட்க வேண்டும் என்று கத்தினேன். அந்த அம்மா காகிதத்தைப் புரட்டிவிட்டு, அந்த நம்பரில் எங்களிடம் யாரும் சேரவில்லையே ஐயா என்று கன்னடத்தில் சொன்னார். பிறகுதான் உன் சேர்க்கை நம்பரைச் சொன்னேன். எனக்குத் தெரிந்த கன்னடத்தில், என் மகளுடைய பன்னிரண்டு பாடமும் இங்கே இந்தப் பெட்டிக்குள் திறக்காமல் கிடக்கிறது, வரவில்லை என்று எழுதியிருக்கிறார்கள், நானே என் கண்ணால் படித்தேன் என்றேன். நானே படித்தேன் என்பதை இரண்டு தரம் சொன்னேன். அந்த அம்மா பேனாவை எடுத்துக்கொண்டார். உங்கள் மையத்தில் இப்போது எத்தனை மாணவர்கள் இருக்கிறார்கள் என்று கேட்டார். மாணவர் நாலு, பென்ஷன்காரர் பத்தொம்பது என்றேன். எந்த ஊரிலோ ஹால் முழுக்கச் சிரித்தது எங்கள் டி.வி.யில் கேட்டது.

அந்த நேரத்தில் சேகர் டீயோடு உள்ளே வந்தான். கே.ஜி.எஃப். பொறுப்பாளர் லைனுக்கு வரவும் என்று டி.வி. கூப்பிட்டது. முதல் மெயிலைத் திறந்து அதன் தேதியைப் படியுங்கள் என்றார் அந்த அம்மா. சேகர் கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்தான். மேஜையில் இருந்த மவுஸைக் கையில் தூக்கி, டி.வி. ரிமோட்டை நீட்டுவது போல் திரைக்கு நேராக நீட்டி அமுக்கினான். ஒன்றும் ஆகவில்லை, மறுபடி அமுக்கினான். சுனிதா உதவி செய்யப் போனாள், நான் கையை நீட்டி மறித்தேன், வுடும்மா, சாரே செய்யட்டும் என்றேன். எத்தனை ஊர் காத்துக்கொண்டிருந்தது தெரியுமா. கடைசியில் அவன் போனில், எனக்குத் தெரியாது மேடம் என்றான். அந்தக் குரல் எனக்குத் தெரிந்த குரல்தான், எத்தனையோ ஆபீஸ் வாசலில் நானே அப்படிப் பேசியிருக்கிறேன். அதனால் பரிதாபம் வந்ததா என்று கேட்பாய். வரவில்லை. மேஜையில் அவனுக்கென்று வைத்திருந்த டீயை நான் குடித்தேன், சர்க்கரை சரியாக இருந்தது.

சுனிதா அன்றைக்கே பன்னிரண்டையும் திறந்து தேதியோடு அச்செடுத்து அனுப்பிவிட்டாள். பாடங்களைத் திருத்துவோம், ஆனால் ஏன் தாமதம் என்று மாணவி கையெழுத்துப் போட்டு இந்த மாதம் முடிவதற்குள் எழுதித் தர வேண்டும் என்று அந்த அம்மா சொல்லியிருக்கிறார். அது வந்தால்தான் உன் வருடம் திரும்பக் கிடைக்கும். வியாழக்கிழமை சேகர் பெண்டாட்டியோடு ஒரு சீப்பு வாழைப்பழம் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தான். தாமோதரண்ணா என்றான். இருபது வருடத்தில் முதல் தரம் அண்ணா. மெஷின் கோளாறுன்னு வாணிய எழுதச் சொல்லுங்கண்ணா, அதுக்கும் வருஷம் கெடச்சிடும், எனக்கும் வேல நிக்கும், தையில பொண்ணு கல்யாணம் வச்சிகீறேன் என்றான். வாழைப்பழத்தை எடுத்துக்கிட்டுப் போங்க என்றேன்.

உன் அம்மாவுக்கு இது பிடிக்கவில்லை. மூன்று நாளாக என்னோடு பேச்சில்லை. இந்தக் கடிதத்தில் தான் சொல்வதையும் எழுத வேண்டும் என்று எதிரே வந்து உட்கார்ந்தாள். முடியாது என்றேன். பிறகு யோசித்தேன், ஒருவர் சொன்னதை விட்டுவிட்டோ மாற்றியோ எழுதினால் எனக்கும் சேகருக்கும் என்ன வித்தியாசம். அதனால் அவள் சொன்னது சொன்னபடி: கண்ணு, உங்க நைனா பேச்சக் கேக்காத, அவன் பொண்ணும் உன்ன மாதிரி ஒரு பொண்ணு, மெஷினு மேல போட்டுட்டுப் போ, அதுக்கு இன்னா வலிக்கவா போவுது. அவ்வளவுதான் அவள் சொன்னது, ஒரு எழுத்தையும் மாற்றவில்லை.

இனி நான் சொல்வது. மெஷின் மேல் பழி போடாதே. மெஷின் உனக்கு ஒரு துரோகமும் செய்யவில்லை மா, மஸ்கட்டிலிருந்து நீ அனுப்பிய பன்னிரண்டையும் தேதி மாறாமல், பெயரைத் தடியாகக் காட்டி, யாராவது வந்து பார்க்கட்டும் என்று வைத்திருந்தது. மனுஷன்தான் செய்தான், இரண்டு தரம் செய்தான். முதல் தரத்துக்கு யாரும் அவனைக் கேட்கவில்லை, அதனால்தான் இரண்டாவது தரம் வந்தது. அவன் பெண்ணின் கல்யாணம் நன்றாக நடக்கட்டும், நான் போய்ச் சாப்பிட்டுவிட்டு மொய்யும் எழுதிவிட்டு வருவேன், அது வேறு. நடந்ததை நடந்தபடி எழுது, அவன் பெயரைப் போட்டு எழுது.

வெயிலில் வேலைக்குப் போகும்போது தலைக்குத் துணி போட்டுக்கொள். ரூபேஷுக்குத் தமிழ் எழுத்தை இப்போதே சொல்லிக் கொடு, என்னைப் போல் கடைசியில் ஆரம்பிக்க வேண்டாம். மாப்பிள்ளைக்கு என் அன்பு. நீ படித்துப் பட்டம் வாங்கி, நிமிர்ந்த தலையோடு நூறு வருடம் வாழ வேண்டும். மாதம் முடிய இன்னும் பதினேழு நாள்தான் இருக்கிறது என்பதை ஞாபகம் வைத்துக்கொள். இருபத்தைந்தாம் தேதிக்குள் உன்னிடமிருந்து எழுதிவிட்டேன் என்று போன் வராவிட்டால் நான் எழுதுவேன். யூனிவர்சிட்டி விலாசத்தை சுனிதாவிடம் வாங்கி வைத்திருக்கிறேன், காகிதமும் இருக்கிறது.

உன் நைனா,
வெ. தாமோதரன்