ஊசிக்கு வைத்த சந்தனப் பொட்டு

வெள்ளி இரவு, பிரிக்பீல்ட்ஸ்

நான் இவ்வீட்டின் தலைவன், தொழிலால் வழக்கறிஞன். கீழே எழுதுவது நான் அறிந்தவரை உண்மை.

ஆயுத பூசைக்கு மறுநாள் எங்கள் இசைத்தட்டுக் கருவி பாடவில்லை, கரகரத்தது. ஊசி வளைந்திருந்தது. பூசைக்கு வந்த என் மனைவியின் தம்பி மோகனைச் சந்தேகித்து, தொலைபேசியில் அரை மணி நேரம் குறுக்கு விசாரணை செய்தேன்.

"நான் தொடவே இல்லை லா, மச்சான். இனிமே உங்க வீட்டுப் பக்கமே வரமாட்டேன்," என்று வைத்துவிட்டான்.

இன்று கிள்ளான் நகரில் கருவியைப் பழுதுபார்ப்பவர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துச் சிரித்தார். "பாஸ், ஊசிக்கு யாரு பொட்டு வச்சது? சந்தனம் கல்லு மாதிரி காஞ்சிருக்கு. அதை வேற துணியால அழுத்தித் தேச்சிருக்காங்க."

கார், கணினி, சட்டப் புத்தகங்கள் என்று பூசையன்று எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தவன் நான். மறுநாள் காலை துடைத்தவனும் நானே. இவ்விரண்டைப் பற்றியும் என்னை நான் விசாரிக்கவே இல்லை.

"என் தம்பிகிட்ட நீங்களே பேசுங்க," என்றாள் சரோஜா. மூன்று முறை அழைத்தேன். அவன் எடுக்கவில்லை.

புது ஊசி மாட்டியாகிவிட்டது. மோகன் வரும்வரை இசைத்தட்டு எதையும் வைப்பதாக இல்லை. களைப்பாக இருக்கிறது.

கையொப்பம்: த. குணசீலன்
சாட்சிகள்: மனைவி சரோஜா. இரண்டாவது இடம் மோகனுக்காகக் காலியாக விடப்பட்டுள்ளது.