விடியுமுன் பறித்த வேர்

சிலிபின், ஈப்போ
11.3.1984

அன்புள்ள தம்பி பெர்னார்டுக்கு,

அக்கா குழந்தையம்மாள் எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். உன் மச்சானைச் சேர்த்து அப்படி எழுத மனம் வரவில்லை. லீட்ஸில் குளிர் குறைந்ததா?

உன் கடிதத்தை அவருக்கு இரண்டு தடவை படித்துக் காட்டினேன். இருட்டினால் தலைக்குள் ஒரு சின்னச் சுரப்பி தூக்கம் வர மெலடோனின் என்று எதையோ சுரக்குமாம், வெளிச்சம் பட்டால் நிறுத்திக்கொள்ளுமாம், செடிச் சாறு அதைக் கூட்டுமா என்று உங்கள் ஆய்வுக்கூடத்தில் எலிகளுக்குக் கொடுத்துப் பார்க்கிறீர்களாம். எலி கொடுத்து வைத்தது என்றார். ரப்பர் தோட்டத்தில் இருந்தபோது தூக்கத்துக்கு எதைக் குடித்தோம் என்று கேட்டிருந்தாய். தொட்டாச்சிணுங்கி வேர்தான். பக்கத்து வீட்டு வீரம்மா இன்றைக்கும் அதைத்தான் காய்ச்சச் சொல்கிறாள். பொழுது சாய்ந்தால் இலையே மூடிக்கொள்கிறது, அந்தச் செடிக்குத் தூங்கத் தெரியும் என்பது அவள் கட்சி.

கம்பெனிக்காரர்கள் தோட்டத்தை விற்று எங்களை அனுப்பி நாலு வருஷம். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு இல்லை, மணி இல்லை. ஆனாலும் நாலு மணிக்கு மேல் அவர் படுப்பதில்லை. முன்னிரவிலும் புரண்டுகொண்டே கிடப்பார். போன மாதம் பலகை ஆலையில் ரம்பத்தின் முன்னால் நின்றபடியே கண் அசந்துவிட்டார். கூட வேலை செய்யும் உடையப்பன் சட்டையைப் பிடித்து இழுத்திராவிட்டால் கை போயிருக்கும். இன்னொரு தடவை நடந்தால் வேலைக்கு வர வேண்டாம் என்று ஆலை முதலாளி தவுக்கே சொல்லிவிட்டார். வேலை போனால் போகட்டும். எனக்குக் கைதான் பயம்.

அதனால்தான் வேர்க் கஷாயம் ஆரம்பித்தேன். வேரைத் தானே கொண்டுவருகிறேன் என்றார். இரண்டு வாரம் குடித்தும் பலனில்லை. பிறகுதான் கூத்து தெரிந்தது. தினமும் நாலு மணிக்கு டார்ச் லைட்டோடு ரயில் பாதை ஓரம் போய்ப் பறித்து வந்திருக்கிறார். கேட்டால், "வெயில் ஏறுனா பாலு எறங்காதுலா, சாறு மட்டும் நிக்குமா?" என்கிறார். இருபத்தாறு வருஷம் பால் மரம் வெட்டியவருக்கு எல்லாச் செடியும் ரப்பர் மரம்தான். தூக்க மருந்துக்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்கிற மனுஷனைப் பார்த்தால் உன் எலிகள்கூடச் சிரிக்கும். நன்றாகத் திட்டிவிட்டு, இப்போது சாயங்காலம் நானே பறித்துக் காய்ச்சிக் கொடுக்கிறேன். படுத்ததும் தூங்கிவிடுகிறார்.

நாலு மணிக்கு எழுவது மட்டும் நிற்கவில்லை. பெரட்டுப் பழக்கம் என்றே நினைத்திருந்தேன். நேற்று நானும் பின்னால் போய்ப் பார்த்தேன். தோட்டத்திலிருந்து கொண்டுவந்த உன் கட்டிலருகே நின்று, "தம்பி, எந்திரி, பஸ்ஸு வந்துரும்லா" என்றார். பாதித் தூக்கத்தில் இருந்தார்.

பெரட்டு ஐந்தரைக்குத்தானே, பெர்னார்ட். ஏழு வருஷம் அவர் நாலு மணிக்கு எழுந்தது நீ பள்ளிக்கூடம் போக, உன்னைச் சைக்கிளில் வைத்துக் கோப்பெங் பஸ்ஸுக்குக் கொண்டுபோகத்தான். அதை அவர் ஒரு நாளும் சொல்லிக்காட்டியதில்லை. நீ போய் ஆறு வருஷமாகிறது. முதலில் எல்லாம் வருகிறேன் என்று எழுதுவாய். இப்போது அந்த வரியும் வருவதில்லை. எனக்கு அது வலிக்கிறது.

மாத்திரை அனுப்பட்டுமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம். உன் ஆய்வுக்கு வேர் கொஞ்சம் காயவைத்திருக்கிறேன், வந்து எடுத்துக்கொள். ஒரு வாரம் அந்தக் கட்டிலில் படு. நாலு மணிக்கு எழுந்து வருகிறவர் நீ தூங்குவதைப் பார்க்கட்டும். எழுப்ப வேண்டியதில்லை என்று தெரிந்தால் அவரும் போய்ப் படுத்துக்கொள்வார்.

மாதா உனக்குத் துணையிருக்கட்டும்.

உன் அக்கா,
குழந்தையம்மாள்