தர்சிகாவின் விடைத்தாள்

நவம்பர் 3, ஞாயிறு

விடியவே மழை. கொடியில் போட்ட சேலை மூன்றாம் நாளாகக் காயவில்லை. மணக்கத் தொடங்கிவிட்டது.

இன்றைய வேலை: இவருக்குப் பல் வலிக்குக் குளிசை. வெங்காயம் (விலையைக் கேட்டேன், வாங்காமல் வந்தேன்). பதினோராம் தரத்து வரலாறு விடைத்தாள் 38.

திருத்தத் தொடங்கியதுமே எரிச்சல். கேள்வி நான் போட்டதுதான். மக்கள் ஏன் புரட்சிக்கோ போருக்கோ போகிறார்கள்? பிரெஞ்சுப் புரட்சியை வைத்துச் சொந்த வசனத்தில் விளக்குக. பத்துப் புள்ளி. முப்பத்தேழு பேரும் ஒரே ரியூஷன் கொப்பியை அப்படியே கக்கி வைத்திருக்கிறார்கள். அரசியல் காரணம், பொருளாதாரக் காரணம், சமூகக் காரணம். எழுத்துப் பிழைகூட ஒரே இடத்தில். போர்க்காலச் செல்லடிக்குள் வளர்ந்த தாய் தகப்பனின் பிள்ளைகள் இவர்கள். சண்டை ஏன் வந்தது என்று வீட்டில் ஒரு நாளாவது கேட்கத் தோன்றவில்லையா? ரியூஷன்காரரைத் திட்டிக்கொண்டே திருத்தினேன். என் புள்ளித்திட்டத்திலும் அதே மூன்று தலைப்புத்தான் என்பது வேறு விடயம்.

கடைசித் தாள் தர்சிகா. தலைப்பே இல்லை. அப்பா, கடிதம் என்று ஏதோ ஒரு பக்கம். கண் எரிந்தது. தலைப்பு இல்லாவிட்டால் புள்ளி இல்லை. பக்கத்தை நிரப்பியதற்கு 2/10. படுத்துவிட்டேன்.

நவம்பர் 4, திங்கள்

கோப்பாயிலிருந்து நெல்லியடி வரை பஸ்ஸில் நின்றே பயணம். யாரோ ஒருவரின் மீன் பை என் காலோடு.

அடுத்த கிழமை கல்வி அலுவலகத்திலிருந்து மேற்பார்வைக்கு வருகிறார்கள். பாடசாலை கலியாண வீடு மாதிரி. சுவருக்கு வெள்ளை, கதவுக்கு எண்ணெய். ஒவ்வொரு பாடத்துக்கும் அவர்களுக்குக் காட்ட ஒரு மட்டைக் கோவை. அதற்குள் ஆகக் கூடிய புள்ளி எடுத்த தாள், நடுத்தரத் தாள், ஆகக் குறைந்த தாள். எப்போதும் இதே முறைதான். மூன்றையும் உருவி அதிபரிடம் கொடுத்தேன். ஆகக் குறைந்தது தர்சிகாவினுடையது.

இரண்டு மணிக்கு அதிபர் கூப்பிட்டார். தாளை மேசையில் கவிழ்த்து வைத்திருந்தார்.

"இதை நீங்கள் வாசிச்சனீங்களோ ரீச்சர்?"

அங்கேயே நின்று வாசித்தேன். இங்கே பார்த்து எழுதி வைக்கிறேன்:

"பிரான்சில் மக்கள் தங்கள் குறைகளை ஏடுகளில் எழுதி மன்னருக்கு அனுப்பினார்கள் என்று ரீச்சர் சொன்னார். எங்கள் காணி இராணுவத்தின் முள்வேலிக்கு உள்ளே இருக்கிறது. நான் பிறக்க முதலே அப்பா அதற்குக் கடிதம் எழுதுகிறார். ஒவ்வொரு தை மாதமும் எழுதுவார். சில வருடம் கடிதம் கிடைத்தது என்று மட்டும் பதில் வரும். அப்பா கோபப்படுவதில்லை. வேலியைப் பார்த்தபடி சைக்கிளில் மெதுவாகப் போவார். கேட்டும் பதில் வராமல் இருப்பதுதான் காரணம் என்று நினைக்கிறேன். எத்தனையாவது கடிதத்தில் கோபம் வரும் என்பது எழுதுகிறவருக்கும் தெரியாது, வாங்கி வைக்கிறவருக்கும் தெரியாது."

பதினாறு வயதுப் பிள்ளை. இருபத்தாறு வருடமாகப் புரட்சி படிப்பிக்கிறவள் நான், இதற்கு இரண்டு புள்ளி போட்டிருக்கிறேன். வெட்கம். அந்த ஏடுகளைப் பற்றி வகுப்பில் போகிற போக்கில் ஒரு தரம்தான் சொன்னேன். அவள் ஒருத்தி கேட்டிருக்கிறாள்.

அதிபருக்குப் பயம். வருகிறவர்கள் கண்டால் யார் இப்படி எழுதப் பழக்கியது என்று கேட்பார்களாம். கோவையிலிருந்து எடுத்துவிடுவோம் என்றேன். போதாதாம், விடைத்தாள் கட்டிலிருந்தும் உருவிப் பார்ப்பார்களாம். ஆகவே பிள்ளை அதே பேனாவால், பாடக் குறிப்பில் உள்ளபடி, புதுத் தாளில் எழுத வேண்டுமாம். புள்ளியும் கூடும், அவளுக்கும் நல்லதுதானே என்று ஒரு சமாதானம் வேறு.

மாட்டேன் என்றேன். என் குரல் வெளியே கேட்டிருக்கும். கேட்கட்டும். அப்படியென்றால் தகப்பனைக் கூப்பிட்டுக் கதைக்கிறேன் என்றார். தாராளமாகக் கூப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

நவம்பர் 5, செவ்வாய்

மழை விட்டுவிட்டது. நித்திரை சரியில்லை.

இவர் தாடையைப் பொத்திக்கொண்டு, "நீர் ஏன் உதுக்குள்ளை தலையைக் குடுக்கிறீர்?" என்றார். ஓய்வூதியத்துக்கு எத்தனை வருடம் இருக்கிறது என்றும் நினைவுபடுத்தினார். தேத்தண்ணீரை அவர் முன்னால் வைத்த சத்தத்தில் விளங்கியிருக்கும்.

எங்கோ இருக்கிற நாட்டில் தின்னப் பாண் இல்லாமல் சனம் தெருவுக்கு வந்ததைப் பிள்ளைகள் பாடமாக்கலாம். வேலிக்கு இந்தப் பக்கம் நிற்கிற அப்பாவை எழுதக் கூடாது. போர் ஏன் வந்தது என்று கேட்டால் ஊர் முழுக்க வாயை மூடிக்கொள்ளும். பிறகு இன்னொன்று வந்தால் எங்கிருந்து வந்தது என்று தலையில் கை வைக்கும்.

இடைவேளையில் தர்சிகாவைக் கூப்பிட்டேன். தான் பிழையாக எழுதிவிட்டதாக நினைத்துப் பயந்துகொண்டு வந்தாள். பிழை என்னுடையது என்றேன். அவள் முன்னாலேயே 2ஐ வெட்டி 10 போட்டு, பக்கத்தில் கையொப்பம் வைத்தேன். சிரிக்கவில்லை. இதனால் அப்பாவுக்கு ஏதும் வருமோ என்று மட்டும் கேட்டாள்.

வராது என்று சொல்லிவிட்டேன். என்ன துணிவில் சொன்னேனோ.

நவம்பர் 6, புதன்

பத்து மணிக்குத் தகப்பன் வந்தார். தோட்டக்காரர், வாடகைக் காணியில் புகையிலை. மினுக்கிப் போட்ட சேட், கையில் பொலித்தீன் பை. அதிபர் போனில் காரணம் சொல்லவில்லை. முக்கியமான விடயம், வாருங்கள் என்று மட்டும் சொல்லியிருக்கிறார்.

கதிரையில் இருக்கச் சொல்ல முதலே பையைத் திறந்தார். ஒவ்வொன்றாக மேசையில் அடுக்கினார். காணி உறுதிப் பத்திரம். நில அளவைப் படம். குடும்ப அட்டை. அடையாள அட்டைப் பிரதி. இத்தனை வருடக் கடிதங்களின் பிரதிகள், வருட ஒழுங்கில். காணி விடுவிப்புக் கூட்டங்கள் பாடசாலைகளில்தான் நடக்கும். அதிகாரிகள் வரப்போவதாக மகள் சொல்லியிருக்கிறாள். மனுசன் இரண்டையும் சேர்த்து, காணியைத் திருப்பி விடத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு வந்திருக்கிறார்.

"ஆக்கள் எத்தினை மணிக்கு வருவினம் சேர்?"

அதிபர் என்னைப் பார்த்தார். பாவி மனுசன், இதையும் என் தலையில் கட்டினார். நான்தான் சொன்னேன். காணி விடயம் இல்லை, மகளின் விடைத்தாள் என்று.

எல்லாவற்றையும் மூலை மடியாமல் பைக்குள் திரும்ப வைத்தார். அதற்குப் பிறகுதான் தாளை வாங்கினார். இரண்டு தரம் வாசித்தார். பெருமைப்படுவார் என்று காத்திருந்தேன். அதிபருக்குச் சொல்வதற்கு இரண்டு நாளாக வசனம் சேர்த்து வைத்திருந்தேன்.

"மாத்தி எழுதட்டும் ரீச்சர். எங்களுக்குக் கோவம் இருக்கெண்டு ஒரு இடத்திலையும் எழுத்திலை கிடக்கக் கூடாது. பிறகு காணி விடமாட்டினம்."

அதிபருக்கு மூச்சு வந்தது.

வீட்டுக்கு வந்தும் ஆறவில்லை. யாரைத் திட்டுவது? காணியை எடுத்தார்கள், சரி. கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை, அதுவும் சரி. கோபப்படக்கூட அனுமதி வேண்டும் என்று ஒரு மனிதனைப் பழக்கி வைத்திருக்கிறார்களே, அதை எந்தப் பாடப்புத்தகத்தில் எழுதுவது?

நவம்பர் 7, வியாழன்

வெயில். சேலை காய்ந்தது. இவர் பல்லைப் பிடுங்கிவிட்டு வந்து படுத்திருக்கிறார்.

பாடசாலை முடிய, நூலக அறையில் நானும் தர்சிகாவும். தகப்பன் சொல்லிவிட்டார், அவளும் தலையாட்டிவிட்டாள். இனி நான் மறுத்தால் அது என் வீம்பு. புதுத் தாளைக் கொடுத்தேன். அதே நீலப் பேனா.

பெயரை எழுதிவிட்டுச் சும்மா இருந்தாள். ரியூஷனுக்கு அவள் போவதில்லை, வசதி இல்லை. அந்தக் குறிப்பு அவளிடம் இருந்ததே இல்லை. பாடமாக்கியதும் இல்லை. கடைசியில் நான்தான் வேறொரு பிள்ளையின் ரியூஷன் கொப்பியைப் பார்த்துச் சொல்லச் சொல்ல அவள் எழுதும்படி ஆயிற்று.

அரசியல் காரணம், மன்னரின் எல்லையற்ற அதிகாரம். எழுதினாள். பொருளாதாரக் காரணம், வரிச்சுமை. எழுதினாள். சமூகக் காரணம், சாதாரண மக்கள் முன்வைத்த குறைகளுக்கு ஆட்சியாளர் செவிசாய்க்காமை.

பாதியில் பேனாவை நிறுத்தி நிமிர்ந்து பார்த்தாள்.

"இதைத்தானே ரீச்சர் நான் முதலும் எழுதினனான்?"

ஓம் என்றேன். எழுது பிள்ளை என்றேன்.